கொல்கத்தா: காலேஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து பெல்வெடேர் வரை

வெள்ளி: காலேஜ் ஸ்ட்ரீட்

வங்காள நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குக் கொல்கத்தா பாதி தெரிந்த ஊர்தான். த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி, அ.கி. ஜெயராமன், சு. கிருஷ்ணமூர்த்தி என்று எத்தனையோ பேர் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்ததால், மீன் வாசனை பிடிக்காத வீட்டில் பிறந்த எனக்கும் ஹில்சா மீன் வரும் பருவம் எதுவென்று பள்ளி நாட்களிலேயே தெரியும். அந்த ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எழுத்தாளர்களின் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லை. எழுதியது அச்சாகி, கடைக்கு வந்து, யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேருகிறதே, அந்த வழி முழுவதையும் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

தங்கியிருப்பது லேக் மார்க்கெட் பக்கம், தோழியின் பெரியம்மா வீட்டில். வாழையிலையும் கறிவேப்பிலையும் ஃபில்டர் காபித் தூளும் கிடைக்கும் தமிழர் பேட்டை அது. காலையில் காளிகாட்டில் மெட்ரோ ஏறி, மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தேன். சிறிது தூரம் போனதுமே நடைபாதை மறைந்து புத்தகமாகிவிட்டது. மரப் பலகையும் தகரமும் வைத்து அடித்த சின்னச் சின்னக் கடைகள், இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய வரை. கடைக்காரர் உட்கார ஒரு முழ இடம், மிச்சமெல்லாம் புத்தகம்.

இவ்வளவு கடைகள் ஏன் இந்தத் தெருவுக்கு வந்தன என்பதற்குக் காரணம் தெருவிலேயே நிற்கிறது. 1817-இல் இந்து கல்லூரி (இன்றைய பிரசிடென்சி), 1824-இல் சமஸ்கிருதக் கல்லூரி, 1835-இல் மருத்துவக் கல்லூரி, 1857-இல் பல்கலைக்கழகம். எல்லாம் கூப்பிடு தூரத்தில். படிக்க வந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும், வாங்கப் பணம் போதாது, ஆகவே பழைய புத்தகம். தாஸ்குப்தா கம்பெனி 1886-இலிருந்து இங்கே புத்தகம் விற்கிறது. ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது நடைபாதைக் கடைகள்தான்.

மருத்துவப் புத்தகக் கடை ஒன்றின் அருகே நின்றிருந்தேன். ஒரு மாணவர் பையிலிருந்து தடித்த உடற்கூறியல் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அட்டையை அவர் பார்க்கவேயில்லை. முதலில் முதுகைத் திருப்பித் தையலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு பக்க ஓரத்தில் கட்டை விரலை வைத்து விர்ரென்று ஓட்டினார், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் படங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டார். அங்கே பென்சிலில் சின்னதாக ஒரு குறி இருந்தது, அதன் கீழே இன்னொன்று. அவருடைய குறிகள்தான். “இது என் கைக்கு மூன்றாவது முறை வருகிறது” என்று என்னைப் பார்த்து இந்தியில் சொன்னார். மூன்றாவது குறியையும் போட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் இருக்கும் பைண்டரிடம் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார். மூன்று பேர் அதைப் படித்து முடித்துவிட்டார்கள், நான்காமவர் இன்னும் வாங்க வரவில்லை. நெடுநேரம் அந்தக் குறிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் கேட்கும் புத்தகம் ஒரு கடையில் இல்லையென்றால் ‘இல்லை’ என்ற பதில் வருவதில்லை. “தீதி, ஒரு நிமிஷம்” என்று நிற்க வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பார். நாலு கடை தள்ளி அந்தக் குரல் இன்னொரு குரலாகிப் போகும். புத்தகம் கை மாறிக் கை மாறி வந்து சேரும். கணினி இல்லை, பட்டியல் இல்லை, எல்லாம் ஞாபகம். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது இந்தத் தெருவில் வெள்ளம் நின்று, புத்தகங்கள் தண்ணீரில் மிதந்த படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே ஊரடங்கில் வியாபாரம் படுத்திருந்த நேரம் அது. வாசகர்களும் பதிப்பாளர்களும் நிதி திரட்டிக் கொடுத்தார்கள், கடைக்காரர்கள் ஊறிப்போனதை எடைக்குப் போட்டுவிட்டு மறுபடியும் அடுக்கினார்கள். இன்று அங்கே நடந்தபோது அந்த வெள்ளத்தின் தடம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கல்லூரிச் சதுக்கத்தில் வித்யாசாகர் சிலை இருக்கிறது. இவரைச் சமூகச் சீர்திருத்தக்காரராக மட்டும் நாம் படித்திருக்கிறோம். இவர் ஒரு புத்தக வியாபாரியும்கூட. 1847-இல் சமஸ்கிருத அச்சகத்தையும் அதையொட்டிப் புத்தகக் கிடங்கையும் தொடங்கினார். 1855-இல் அவர் எழுதிய ‘வர்ணபரிசய்’ என்ற அரிச்சுவடியில்தான் தலைமுறை தலைமுறையாக வங்காளிப் பிள்ளைகள் எழுத்து கற்றார்கள். அந்த மெல்லிய புத்தகம் இன்றும் நடைபாதையில் கிடைக்கிறது.

மதியம் காபி ஹவுஸ். 1876-இல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரில் எழுந்த இடம், 1942-இல் காபி வாரியம் இங்கே கடை திறந்தது. 1958-இல் நிர்வாகம் மூடிவிட, பேராசிரியர்கள் போராடி மறுபடியும் திறக்க வைத்தார்கள். இப்போது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. மாடி ஏறியதும் உயரமான கூரை, நீண்ட கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர், எல்லாருடைய பேச்சும் சேர்ந்து ஒரே இரைச்சல். தலைப்பாகை கட்டிய பரிசாரகர் வந்தார். இன்ஃப்யூஷன் என்று கேட்டால் பால் இல்லாத காபி வரும். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. காபி சுமார்தான், தஞ்சாவூர் நாக்குக்குச் சரிப்படாது. ஆனால் பக்கத்து மேசையில் நாலு இளைஞர்கள் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சண்டை போட்டதைப் பார்த்தபோது, இதற்காகவே இன்னொரு கோப்பை வாங்கலாம் என்று தோன்றியது. வாங்கினேன்.

சனி: சித்பூர் சாலை, ஜோராசாங்கோ, செராம்பூர்

ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்தின் சிவப்பு மாளிகை. 1861-இல் ரவீந்திரநாத் தாகூர் பிறந்ததும், 1941 ஆகஸ்ட் 7 அன்று இறந்ததும் இங்கேதான். செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் பார்த்தேன். நன்றாகவே வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் மேலே போகிறேன்.

அந்த வீட்டுக்கு வெளியே ஓடும் சித்பூர் சாலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இதற்கு இப்போது ரவீந்திரர் பெயர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சுற்றுவட்டாரம் பட்தலா அச்சகங்களின் உலகம். பஞ்சாங்கம், புராணக் கதை, காதல் கதை, நாடகம், கேலி எழுத்து என்று மலிவுத் தாளில் அடித்துத் தள்ளினார்கள். மரக்கட்டையில் செதுக்கிய படங்களும் உண்டு. 1857-ஆம் ஆண்டில் வங்காளப் புத்தகங்கள் எவ்வளவு அச்சாயின என்று ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் அச்சகம் அச்சகமாகக் கணக்கெடுத்தார். விற்பனைக்கு வந்தவை 5 லட்சம் படிகளுக்கு மேல். அதைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகவும் கிராமங்களுக்கும் போய் விற்றவர்கள் இருந்தார்கள். படித்த கனவான்கள் பட்தலாப் புத்தகங்களை முகம் சுளித்தே பார்த்தார்கள். நம்மூர்க் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களுக்கும் இதே கதிதான். எனக்கு இந்த முகச்சுளிப்பில் உடன்பாடு இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் பழக்கம் அந்த மலிவுத் தாளில்தான் தொடங்கியது.

அப்புறம் ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் செராம்பூர். ஹூக்ளிக் கரையில் அமைதியான ஊர். 1800-இல் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியும் அவருடைய நண்பர்களும் இங்கே அச்சகம் தொடங்கினார்கள். கல்கத்தாவில் இருந்த கம்பெனி ஆட்சி மிஷனரிகளை விரும்பவில்லை, செராம்பூரோ டென்மார்க்காரர் வசம் இருந்தது. நம்முடைய தரங்கம்பாடியும் அதே டென்மார்க்காரர் ஊர்தான். சீகன்பால்கு அங்கே தமிழில் புதிய ஏற்பாட்டை 1714-15-இல் அச்சிட்டுவிட்டார். இரண்டு ஊர்களையும் 1845-இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

கேரியின் கல்லறையும் 1818-இல் தொடங்கிய கல்லூரியும் பார்த்தேன். ஆனால் நான் நினைத்துக்கொண்டு வந்தது பஞ்சானன் கர்மகாரை. உலோகத்தில் எழுத்து வெட்டுவது அவர் குடும்பத் தொழில். 1778-இல் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் ஹூக்ளியில் அச்சானபோது, சார்லஸ் வில்கின்ஸோடு சேர்ந்து வங்காள அச்செழுத்துகளை வார்த்தவர் அவர். பின்னர் செராம்பூருக்கு வந்து கேரியின் அச்சகத்துக்கும் எழுத்துகளைச் செய்தார். அவருக்குப் பின் மருமகன் மனோகர் தொடர்ந்தார். வளைவும் கூட்டெழுத்தும் நிறைந்த ஒரு லிபியை எஃகில் ஒவ்வொன்றாக இடவலம் மாற்றிச் செதுக்குவது எப்பேர்ப்பட்ட வேலை! பங்கிமும் தாகூரும் சரத்சந்திரரும் பின்னால் எழுதிய அத்தனையும் அப்படிச் செதுக்கத் தொடங்கிய எழுத்துகளின் வழியாகத்தான் வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது. கரையோரம் நடந்தபோது அவருக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

ஞாயிறு: புத்தகக் கண்காட்சி

காலேஜ் ஸ்ட்ரீட் இன்று விடுமுறை. சால்ட் லேக் கருணாமயியில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. 1976-இல் தொடங்கியது, நம் சென்னைக் கண்காட்சிக்கு ஒரு வயது மூத்தது. பல காலம் நகரின் நடுவே ‘மைதான்’ என்று பெயர் பெற்ற பெரிய மைதானத்தில் நடந்து, அங்கிருந்து இடம் மாறி மாறி இப்போது இங்கே நிலையாக நிற்கிறது. 1997-இல் மைதானத்தில் நடந்தபோது பெரிய தீ விபத்து, ஏராளமான புத்தகங்கள் சாம்பலாயின. சில நாட்களிலேயே மீண்டும் திறந்துவிட்டார்கள் என்பதை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டத்தில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள்தான் அதிகம். பெரிய பதிப்பகங்களின் வாசலில் உள்ளே போகவே வரிசை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாத்தா, துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த தலைப்புகளைப் பேத்திக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பேத்தி அவற்றில் இரண்டை அடித்துவிட்டுத் தன்னுடையதை எழுதினாள்.

எனக்கு மிகவும் பிடித்தது சிற்றிதழ்ப் பகுதி. நீளமான மேசைகளில் ஆளுக்கு இரண்டடி இடம். அந்த இரண்டடிக்குள் இதழைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆசிரியரே நிற்கிறார், அல்லது கவிதை எழுதியவர் நிற்கிறார். புருலியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், இதழைத் திறந்து தன் கவிதையை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினாள், பிறகு ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னாள். எனக்கு வங்காள எழுத்து படிக்கத் தெரியாது என்று சொல்லியும் ஓசையைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார் என்று படித்திருக்கிறோமே, அந்த நடை இங்கே மேசை மேசையாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த இதழ்கள் எங்கே போய்ச் சேரும்? அதற்கு ஒரு பள்ளி ஆசிரியர் பதில் சொல்லியிருக்கிறார். சந்தீப் தத்தா இளைஞராக இருந்தபோது, 1972-இல், தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் வேண்டாதவையாகக் குவித்துக் கிடந்ததைப் பார்த்துக் கொதித்துப் போனார். 1978-இல், காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் டேமர் லேனில் இருந்த தன் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் தொடங்கினார். சம்பளப் பணத்தில் அதை வளர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டும் நிலை வந்தது. 2023 மார்ச்சில் அவர் மறையும் வரை அந்த வேலை நிற்கவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைக்காமல் போயிருந்தால் நாம் எதையெல்லாம் இழந்திருப்போம் என்று தெரிந்தவர்களுக்குச் சந்தீப் தத்தாவின் அருமை புரியும். அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியதைத் தனி மனிதர்கள் வீட்டுத் திண்ணையில் செய்ய வேண்டியிருந்ததே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

திங்கள்: சரஸ்வதி பூஜை

நாம் நவராத்திரி முடிவில் செய்வதை இவர்கள் தை, மாசியில் வசந்த பஞ்சமி அன்று செய்கிறார்கள். தெருமுனைகளில், பள்ளிகளில், வீடுகளில் வெள்ளைச் சரஸ்வதி. மஞ்சள் புடவையில் பெண் பிள்ளைகள். பூஜை முடியும் வரை மாணவர்கள் இலந்தைப் பழம் தின்ன மாட்டார்கள், தின்றால் பரீட்சையில் கோட்டை விட்டுவிடுவோம் என்ற பயம்.

பெரியம்மா வீட்டுக்கு எதிரில் இருந்த பந்தலில் உட்கார்ந்தேன். அம்மன் காலடியில் கணக்கு, வேதியியல், இயற்பியல் புத்தகங்கள் அடுக்கு அடுக்காக. எந்தப் பாடம் கஷ்டமோ அது மேலே இருக்கிறது. பக்கத்தில் ஒரு மண் மைக்கூடு, அதில் மைக்குப் பதில் பால், நாணல் பேனா ஒன்று சாய்த்து வைத்திருந்தது. மூன்று வயதுப் பையன் ஒருவனைப் புரோகிதர் மடியில் உட்கார வைத்து, சிலேட்டில் முதல் எழுத்தை எழுத வைத்தார். அவன் எழுதிய கோடு சிலேட்டைத் தாண்டிப் புரோகிதரின் வேட்டி வரை போனது. யாரும் திட்டவில்லை.

மதியம் பெரியம்மா நிறையப் பேசினார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு வங்காளத்தில் ஒரு எழுத்து தெரியாது. “பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கணுமே, அவனோட ‘வர்ணபரிசய்’யை வெச்சு நானும் கத்துண்டேன். அவன் தூங்கினப்புறம் நான் எழுதிப் பார்ப்பேன்” என்றார். அப்புறம் பேட்டை நூலகம். “ஆபீஸ் விட்டு வரவாதான் நடத்துவா. சாயங்காலம்தான் திறக்கும். நான் ரெண்டு கூட்டு, ஒரு ரசம்னு வேலையை முடிச்சுட்டு ஓடுவேன். துர்கா பூஜை மலர் வந்தா போறும், யாருக்கு முதல்லன்னு சீட்டுப் போட்டுப் பார்ப்போம்.” பூஜை மலர்கள் என்பவை நம் தீபாவளி மலர் மாதிரிதான், ஆனால் ஒரே மலரில் பல முழு நாவல்கள் வரும். பெயர் பெற்ற பல நாவல்கள் முதலில் அப்படித்தான் வெளிவந்தன. அந்த நூலகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பூட்டித்தான் கிடக்கிறது, நடத்த ஆள் இல்லை என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

மாலையில் லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மைக்கேல் மதுசூதன தத்தரின் கல்லறையைப் பார்த்தேன். வழிப்போக்கனை நின்று போகச் சொல்லி அவரே எழுதிய கவிதை கல்லில் இருக்கிறது. வங்காளத்தின் முதல் பெரும் நவீனக் கவி 1848 முதல் 1856 வரை நம் சென்னையில்தான் வாழ்ந்தார், ஆசிரியராக, பத்திரிகையாளராக. அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூல் 1849-இல் சென்னையில் அச்சானது. சென்னையில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செவ்வாய்: தேசிய நூலகம்

அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகை. ஒரு காலத்தில் வங்காளத் துணைநிலை ஆளுநர் வசித்த இடம். 1836-இல் தொடங்கிய கல்கத்தா பொது நூலகமும் வைஸ்ராய் கர்சனின் இம்பீரியல் நூலகமும் சேர்ந்து, சுதந்திரத்துக்குப் பின் தேசிய நூலகமாகி, 1953-இல் இங்கே பொதுமக்களுக்குத் திறந்தது. இப்போது வாசகர்கள் போவது பக்கத்தில் எழுந்த புதுக் கட்டடமான பாஷா பவனுக்கு. புல்வெளியும் பெரிய மரங்களுமாகச் சுற்றுப்புறமே படிக்கத் தோன்றும்படி இருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் இதன் முதல் நூலகர் பி.எஸ். கேசவன், மயிலாப்பூரில் பிறந்தவர். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் ஒரு பட்டியலுக்குள் வர வேண்டும் என்று உழைத்து, தேசிய நூற்பட்டியலைத் தொடங்கி வைத்தவர். 1954-இன் நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர்கள் இங்கேயும், நம் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு படி அனுப்ப வேண்டும். தமிழில் புத்தகம் போடுகிற நண்பர்களே, தயவுசெய்து அனுப்புங்கள். நாளைக்கு ஒருவர் தேடி வருவார்.

அப்படித் தேடி வருபவர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. ச. வையாபுரிப் பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தமிழ் நூல்களும் சுவடிகளும் இந்த நூலகத்தில்தான் தனித் தொகுப்பாக இருக்கின்றன. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர், சங்க இலக்கியத்தைச் சுவடி சுவடியாக ஒப்பிட்டவர், ஒரு பாடலின் ஒரு சொல்லுக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதியவர். அவர் கை பட்ட புத்தகங்கள் ஹூக்ளிக் கரையில் இருக்கின்றன. தமிழாராய்ச்சி செய்பவர்கள் இதற்காகவே ஒரு முறை ரயில் ஏறலாம். அடையாள அட்டையும் முன்கூட்டியே ஒரு விண்ணப்பமும் இருந்தால் வேலை எளிது, அரிய தொகுப்புகளைப் பார்க்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஜோராசாங்கோவுக்குத் திங்கள் விடுமுறை. கண்காட்சியையும் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரிக் கடைசியில் வாருங்கள், அப்போது குளிரும் இதமாக இருக்கும். வரும்போது பெட்டியில் பாதி இடம் காலியாக இருக்கட்டும்.